மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் மது விற்ற வரலாறு



தமிழ்நாட்டின் அரசு மதுக்கடைகள் எந்தச் சட்டத்தின் கீழ் நடத்தப்படுகின்றன என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். மது விற்பனைக்கென்று தனிச் சட்டம் ஒன்று இருக்கும் என்றே நினைப்போம். அப்படியன்று. அந்தச் சட்டத்தின் பெயர் 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். கடைகளைக் கவனிக்கும் துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்பதேயாகும். மதுவை ஒழிப்பதற்காக இயற்றப்பட்ட ஒரு சட்டம், மதுவை விற்பதற்கான சட்டமாக எவ்வாறு உருமாறியது? இதற்கு விடை தேடப் புகுந்தால் நாம் சென்று சேருமிடம் கொங்கு மண்ணே ஆகும். அச்சட்டம் முதன்முதலில் கால் ஊன்றிய மாவட்டம் சேலம்.

அதற்கும் முன்பிருந்த நிலையைச் சற்றே அறிந்துகொள்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் மதுவின் மீதான வரிக்கு 'ஆப்காரி' என்று பெயர். பாரசீகச் சொல்லான இது அரசாங்கக் கச்சேரிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தது. (மதுவின் சாரத்தைக் குறிக்கும் 'ஆல்கஹால்' என்ற சொல்லும் 'அல்குஹ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்தே பிறந்தது. கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறித்த சொல் ஐரோப்பிய ரசவாதிகளின் கைக்குப் போய் இப்பொருளைப் பெற்றது.) 1886ஆம் ஆண்டு மதராஸ் ஆப்காரிச் சட்டத்தின்படி கள் இறக்கும் மரத்துக்கு வரி விதிக்கப்பட்டது, கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க வேண்டுமானால் குடிப்பவர் தொகை பெருக வேண்டும். அரசாங்கமோ மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழ கால் பங்கை இந்த வழியில் பெற்றுக்கொண்டிருந்தது. கடைக்காரரும் கருவூலமும் ஒரே பக்கத்தில் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த வரலாறு முழுவதும் இவ்விருவரும் பிரிந்து நின்ற காலம் மிகக் குறைவு.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியல் நாடறிந்தது. அப்போது காங்கிரஸிலிருந்த ஈ.வெ. ராமசாமி அவர்கள், சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவர் சிறை சென்ற பின்னர் அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்து நடத்தினார்கள். பெண்கள் தெருவில் இறங்குவதே அரிதாயிருந்த காலம் அது. கொங்கு நாட்டில் மதுக்கடையை எதிர்த்துப் பெண்கள் முன்னின்ற வரிசை ஈரோட்டுத் தெருக்களில்தான் தொடங்குகிறது. அதன் தொடர்ச்சியைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்துத் திருச்செங்கோட்டுக்கு வருவோம். அதன் அருகிலுள்ள புதுப்பாளையத்தில் 1925இல் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் நூற்பும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் முப்பணிகளாயிருந்தன. மதுவிலக்குக்கென்றே 1929இல் 'விமோசனம்' என்ற இதழ் அங்கிருந்து வெளிவந்தது. பிற்காலத்தில் 'கல்கி' என்று புகழ்பெற்ற எழுத்தாளர் அதில் உதவியாசிரியராகப் பணியாற்றினார். ஒரே ஒரு கருத்துக்காக ஓர் இதழ் நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை, இதுபோன்ற சிற்றிதழ்களை வாங்கிப் படித்து வாழவைக்கும் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1937இல் ராஜாஜி மதராஸ் மாகாணத்தின் பிரதமரானார். (அன்று முதலமைச்சரை அவ்வாறே அழைத்தார்கள்.) அவ்வமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றிருந்தவர் யாகூப் ஹஸன் சேட் அவர்கள். அவ்வாண்டே மதுவிலக்குச் சட்டம் நிறைவேறி, அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்றைய சேலத்துக்குள் அடங்கியவையே. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் கடைகளை மூடாமல் ஒரு மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது ஏன்? பன்னிரண்டு ஆண்டுகளாக ஆசிரமத் தொண்டர்கள் ஊர் ஊராக நடந்து மக்களின் உள்ளத்தைப் பண்படுத்தியிருந்த பகுதி அது. மாவட்ட ஆட்சியராக இருந்த டிக்ஸன் என்ற ஆங்கிலேய அதிகாரியும் இப்பணியில் உண்மையான அக்கறை காட்டினார்.

கடையை மூடியதோடு பணி முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. மாலையில் கள்ளுக்கடைக்குச் சென்று பழகியவன் அந்த நேரத்தில் எங்கே போவான் என்று யோசித்தார்கள். தேநீர்க் கடைகளுக்கு ஊக்கம் தரப்பட்டது. கிராமங்களில் விளையாட்டுகளும் கூத்துகளும் ஏற்பாடாயின. மரமேறும் தொழிலாளரின் பிழைப்புக்கும் வழி காண வேண்டியிருந்தது. பனஞ்சாறு கலயத்தில் இறங்கத் தொடங்கும்போதே காற்றிலுள்ள நொதிகள் அதைப் புளிக்க வைத்துக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பது தடைப்பட்டு, அதே சாறு பதநீராக நிற்கும், காய்ச்சினால் கருப்பட்டியாகும். ஆகவே மரத்தை வெட்டாமல், தொழிலாளியை விரட்டாமல், பதநீர் இறக்க அனுமதி வழங்கினார்கள். எனினும் கள் கொடுத்த வருமானத்தைக் கருப்பட்டி கொடுக்கவில்லை. அதிக உழைப்பு, விறகுச் செலவு, குறைந்த விலை. அந்தக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை மதுவிலக்கின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை, அது நேர்மையாகாது.

பலன் என்ன? சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் அவர்கள் சேலத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்து எழுதினார். குடிக்குச் சென்றுகொண்டிருந்த பணம் உணவுக்கும் துணிக்கும் பழைய கடனை அடைப்பதற்கும் திரும்பியதை அவ்வாய்வு பதிவு செய்தது. நாட்டில் மதுக் கொள்கை ஒன்றின் விளைவை, இன்னாருக்கு என்ன நேர்ந்தது என்று வீட்டுக் கணக்கோடு அளந்து பார்த்த முன்னோடி முயற்சிகளில் இதுவும் ஒன்று.

இனி நாம் நின்று நிதானிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். மது வருவாய் குறைந்த இடத்தை நிரப்ப, 1939இல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் எல்லாப் பொருள்கள் மீதுமான விற்பனை வரி சட்டமானது அதுவே முதன்முறை. வணிகர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. குடியால் அழியும் ஏழையைக் காக்க, பொருள் வாங்கும் அனைவரும் சிறிது சுமப்போம் என்பதே அவ்வரியின் நியாயம். அவ்வரி நிலைத்தது, பல மாநிலங்களுக்கும் பரவியது, தமிழ்நாட்டில் 2007 முதல் மதிப்புக் கூட்டு வரி என்ற பெயரையும் பெற்றது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரும்பாலான பொருள்கள் அதிலிருந்து விலக, மதுவோ மாநில வரிக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது. 2023-24இல் தமிழ்நாட்டு அரசுக்கு மதுவால் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அதில் முக்கால் பங்குக்கும் மேல் இந்த மதிப்புக் கூட்டு வரியாக வந்தது. ஆயத்தீர்வை நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மது வருவாய்க்கு மாற்றாகப் பிறந்த வரியின் வாரிசு, இன்று மதுவினாலேயே வாழ்கிறது!

இடைப்பட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர்கள் ஆண்டபோது மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் படிப்படியாக விரிந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அவர்கள் பிரதமராக இருந்தபோது 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இரண்டாண்டுகளில் நடப்புக்கு வந்த அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவும் மதுவிலக்கை அரசின் நெறியாக வகுத்தது. அந்தப் பிரிவு எதைப் பற்றியது என்று படித்துப் பாருங்கள்: மக்களின் ஊட்டச்சத்து, வாழ்க்கைத் தரம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றை உயர்த்தும் கடமை பற்றியது. ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் நாம் பேசி வருவதை, சாசனம் உடல்நலப் பிரச்சினையாகவே வைத்திருக்கிறது.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1971 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. புதிதாக மதுவிலக்கை ஏற்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு மானியம் தருவதாகச் சொல்லி, ஏற்கனவே கடைப்பிடித்து வந்த தமிழ்நாட்டுக்கு அதை மறுத்தது அன்று கூறப்பட்ட காரணம். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த ராஜாஜி முதல்வரை நேரில் கண்டு வேண்டிக்கொண்டும் பயனில்லை. அதே அரசு 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக்கடைகளையும் மூடியது. எம்.ஜி.ஆர். அரசு 1981இல் அவற்றைத் திறந்து, 1987 ஜனவரியில் மூடியது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் முதலில் மொத்த வியாபாரத்தை மட்டுமே கவனித்தது. 1990இல் மலிவு விலை மது வந்தது. 1991இல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்தியது. அதே ஜெயலலிதா அரசுதான் 2003இல், ராஜாஜியின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் வசம் ஒப்படைத்தது. எந்தக் கட்சியையும் நாம் தனியே குறை சொல்வதற்கில்லை. திறந்தவர்களும் மூடியவர்களும் அவர்களே.

2003-04இல் சுமார் 3,600 கோடியாக இருந்த மது வருவாய் 2024-25இல் 48,344 கோடியாயிற்று. இடையில் 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. கடைகள் குறைந்தன, வருவாய் குறையவில்லை.

இந்த வருவாயின் மறுபக்கம் எது? 2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட, எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேர் குடியால் தீங்குற்று உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள். இதில் ஏறக்குறைய பாதிப் பேர் குடிக்கு முற்றிலும் அடிமையானவர்கள். உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது. கல்லீரல் மட்டுமன்று, வாய், தொண்டை, உணவுக்குழாய், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகியவற்றில் மது புற்றுநோயை உண்டாக்குவது ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. அளவாகக் குடித்தால் நல்லது என்று முன்பு சொல்லப்பட்டதும் காலாவதியாகிவிட்டது. தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று 2023இல் அந்நிறுவனமே கூறிவிட்டது.

அதிலே பயனும் உண்டு, கேடும் உண்டு, கேடே மிகப் பெரிது என்ற திருக்குர்ஆனின் தீர்ப்பை நாம் அறிவோம். கருவூலத்தின் கணக்குப் புத்தகத்தில் பயன் என்ற பகுதி மட்டுமே எழுதப்படுகிறது. கேடு எழுதப்படும் புத்தகங்கள் வேறிடத்தில் இருக்கின்றன: அரசு மருத்துவமனையின் பதிவேட்டிலும், அடகுக்கடையின் ரசீதிலும், திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் வீடு வந்து சேராத குடும்பங்களின் சமையலறையிலும். இரண்டையும் ஒருசேர வைத்துக் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை.

சட்டத்தால் மட்டும் இதைச் சாதிக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது. கள்ளச்சாராயச் சாவுகளைக் காட்டி, மதுவிலக்கு வந்தால் இதுதான் நடக்கும் என்கிறார்கள். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயம் வேறு. தொழிற்சாலை மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து விற்பது வேறு. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. பார்வை மங்குகிறது என்று நோயாளி சொல்லும்போதே காலம் கடந்துகொண்டிருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது இவ்வாறே. அவர்களில் பலர் கொண்டுவரப்பட்டது சேலம் அரசு மருத்துவமனைக்கு. அன்றைக்குத் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. நாலாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அரசுக் கடைகள் திறந்திருந்தன. அரசுச் சரக்கு வாங்கக் கையில் காசில்லாதவர்களே அதைக் குடித்தார்கள். கடைகளைத் திறந்து வைப்பது கள்ளச்சாராயத்தைத் தடுத்துவிடும் என்ற வாதம் அங்கே உடைந்தது.

மறுபுறம், 2016 முதல் மதுவிலக்கு நடைமுறையிலுள்ள பீகாரிலும் 2022 டிசம்பரில் சரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் பலரைக் கொன்றது. எனினும் அத்தடையால் 24 லட்சம் பேர் அடிக்கடி குடிக்கும் நிலையிலிருந்து தப்பினர் என்றும், கணவனின் வன்முறைக்கு ஆளாவதிலிருந்து 21 லட்சம் பெண்கள் காக்கப்பட்டனர் என்றும் 2024இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தடையால் தீமை அடியோடு அழிவதில்லை. ஆனால் அடி வாங்கும் முதுகுகள் குறைகின்றன.

மதீனாவில் தடை இறுதியாக வந்த நாளில், அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அதை வெளியே கொட்டியதும், தெருக்களில் மது ஓடியதும் நாம் கேட்டு வளர்ந்த செய்திகள். அந்த நாளுக்கு முன்னால் பல ஆண்டுகள் படிப்படியான ஆயத்தம் இருந்தது என்பதைத்தான் சேலத்தின் வரலாற்றோடு இணைத்துப் பார்க்க வேண்டும். புதுப்பாளையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்ததும் அத்தகைய ஆயத்தமே. 1971க்குப் பிறகு வந்த எந்தத் தடைக்கும் அப்படியொரு முன்னுழைப்பு இருக்கவில்லை.

கொங்கு மண்ணில் இன்னொரு குரலும் ஒலிக்கிறது. ஈரோட்டைச் சேர்ந்த செ. நல்லசாமி அவர்கள் தலைமையிலான கள் இயக்கம், கள்ளுக்கு மட்டும் தடை ஏன் என்று கேட்டு வருகிறது. கள்ளில் ஆல்கஹால் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு; டாஸ்மாக் விற்கும் பிராந்தியிலோ 42.8 விழுக்காடு. மென்மையானதைத் தடுத்துவிட்டு வன்மையானதை அரசே விற்பது என்ன நியாயம் என்ற அவர்களின் கேள்வி நேர்மையானது. அரசிடம் அதற்கு விடையில்லை. ஆனால் அதற்குத் தீர்வு இன்னொரு கடையைத் திறப்பது என்பதை ஏற்க இயலவில்லை.

ஈரோட்டுப் பெண்களின் தொடர்ச்சி என்று முன்பு சொன்னோம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற உத்தரவிட்டதால், தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, ஊர்களுக்குள் இடம் தேடின. அப்படியொரு கடை வருவதை எதிர்த்து 2017 ஏப்ரல் 11இல் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மக்கள் சாலையில் அமர்ந்தார்கள். உயர் காவல் அதிகாரி ஒருவர் அங்கிருந்த பெண் ஒருவரைக் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அதற்கு முன்பே, 2015 ஜூலை 31இல், சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் அவர்கள் மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரி மார்த்தாண்டம் அருகே அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். இவர்கள் எதிர்த்து நின்ற கடைகள் அனைத்தும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் நடந்தவையே.

வாசகர்களே! இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, இது நம் மஹல்லாவுக்கு வெளியே நடப்பது என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். ஹராம் என்று அறிந்தே குடிப்பவர் நம்மிலும் உண்டு. நம்மிடையே அவமானம் அதிகம் என்பதால் மறைப்பதும் அதிகம். மறைப்பதால் மருத்துவம் தாமதமாகிறது. இங்கே ஒரு மருத்துவச் செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் தினமும் மிகுதியாகக் குடித்தவர், உபதேசம் கேட்டோ ரமளானை முன்னிட்டோ ஒரே நாளில் தாமாக நிறுத்துவது அவருடைய உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். அதை மனவுறுதிக் குறைவென்றோ ஜின்னின் தீண்டுதல் என்றோ எண்ணி வீட்டில் பூட்டி வைத்தல் கூடாது. 2020 மார்ச்சில் ஊரடங்கால் கடைகள் திடீரென அடைபட்டபோது, இத்தகைய நோயாளிகள் பலர் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். மே 7ஆம் நாள் கடைகள் திறந்தபோது ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனையானது.

கோவை, சேலம், ஈரோடு, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. நடுக்கத்தை அடக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து, ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் உடலைத் தெளிய வைப்பார்கள். பிறகு மீண்டும் குடிக்காமலிருக்க ஆலோசனையும் மருந்தும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இடையில் ஒருமுறை தவறினால் சிகிச்சை தோற்றதாகப் பொருளன்று. மறுபடியும் அழைத்துச் செல்ல வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. பேசுவதற்குக் கட்டணமில்லை, குடிப்பவரே பேச வேண்டுமென்பதில்லை, அவருடைய தாயோ மனைவியோ பேசலாம்.